ஒரே அறை, 12 பேர், ஓர் உயிர்! - இன்றும் பார்க்கவேண்டிய '12 ஆங்கிரி மென்'

வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்க்க, பழைய ஹாலிவுட் படம் தேடுகிறீர்களா? 1957-ல் வெளியான, சிட்னி லூமெட் இயக்கிய முதல் படமான '12 ஆங்கிரி மென்' நல்ல சாய்ஸ்.

தந்தையைக் கொன்றதாக 18 வயதுப் பையன்மீது வழக்கு. குற்றவாளி என்று முடிவானால் மரண தண்டனை. 12 ஜூரிகளில் 11 பேர் கை தூக்கிவிட, ஹென்றி ஃபோண்டா மட்டும் மறுக்கிறார். பையன் நிரபராதி என்று அவரும் சொல்லவில்லை. பேசிப் பார்க்காமல் ஓர் உயிரை முடிக்க மனமில்லை, அவ்வளவுதான்.

ஒருவருக்கு பேஸ்பால் மேட்ச்சுக்குப் போகும் அவசரம். இன்னொருவருக்குச் சொந்த மகன்மீது கோபம். படம் நகர நகர கேமரா கீழே இறங்க, அறையே சுருங்குவதுபோல் இருக்கும்.

ஒரு நிமிட வீடியோவைப் பார்த்ததுமே தீர்ப்பு எழுதிவிடும் காலம் இது. இந்த 96 நிமிடங்களை ஒதுக்குங்கள். பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவையுங்கள்!