வெள்ளைச் சேலைக்கு வந்த மரியாதை

படம் காட்டும் நாள் என்றால் நம் லயங்களில் ஒரு காலத்தில் அது திருநாள்தான். புக்கிட் மெர்தாஜாம் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்த பாட்டி ஒருவரோடு சென்ற வாரம் பேசிக்கொண்டிருந்தோம். கோயில் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுவார்களாம். சாயங்காலமே பிள்ளைகள் பாயை விரித்து இடம் பிடித்துவிடுவார்களாம்.

"மறக்க முடியாத படம் எது பாட்டி?" என்று கேட்டோம். எம்.ஜி.ஆர்., சிவாஜி என்று வரும் என எதிர்பார்த்தோம். "ஔவையார்" என்றார் பாட்டி.

கே.பி. சுந்தராம்பாள் நடித்து 1953-இல் ஜெமினி வாசன் வெளியிட்ட படம் அது. இந்த அம்மையாரின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1908-இல் காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். பெயருக்கு முன்னால் இருக்கும் 'கே' ஊரைக் குறிக்கும்; 'பி' தாய் பாலாம்பாளைக் குறிக்கும். தாயின் பெயரையே முன்னெழுத்தாகக் கொண்டு உலகம் அறிய வாழ்ந்தவர் என்பதை நம் பெண்கள் கவனிக்க வேண்டும். சின்ன வயதில் ரயிலில் பாடிக் காசு வாங்கிய பிள்ளையைத்தான் நாடகக்காரர்கள் கண்டெடுத்தார்கள் என்று சொல்வார்கள்.

இலங்கை நாடக மேடையில் எஸ்.ஜி. கிட்டப்பாவோடு சேர்ந்து நடித்தார். 1927-இல் திருமணம். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி உண்டு. அந்த வாழ்க்கையில் சுகத்தைவிடத் துக்கமே அதிகம். 1933-இல் கிட்டப்பா இளம் வயதிலேயே போய்விட்டார். அம்மையாருக்கு அப்போது வயது 25. அன்று உடுத்திய வெள்ளைச் சேலையைக் கடைசிவரை மாற்றவில்லை. எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்றும் உறுதி எடுத்துக்கொண்டார்.

அவ்வளவுதான், தொழில் போச்சு என்றுதானே யாரும் நினைப்பார்கள்? படத்தில் நடிக்கக் கூப்பிட வந்தவரை விரட்டுவதற்காகவே, "ஒரு லட்சம் ரூபாய் கொடுங்கள்" என்றாராம். அவர் சரியென்று விட்டார்! 1935-இல் ஒரு லட்சம்! நம் தோட்டங்களில் ஆணுக்கே நாள் கூலி அரை வெள்ளியைத் தாண்டாத காலம். பெண்ணுக்கு அதிலும் குறைவு.

படம் 'பக்த நந்தனார்'. பெண்ணாக ஜோடி சேர மாட்டேன் என்றவர் ஆண் வேடமே போட்டார். சிதம்பரம் போக உத்தரவு கேட்டு எஜமானரிடம் கெஞ்சும் பண்ணையாள் வேடம். ஒரு நாள் லீவுக்காக ஆபீஸ் வாசலில் கைகட்டி நின்ற நமக்கு அந்தக் கதையை யாரும் விளக்கத் தேவையில்லை. படம் எதிர்பார்த்தபடி ஓடவில்லை என்பது வேறு விஷயம்.

1940-இல் 'மணிமேகலை'. பிறகு பதிமூன்று வருஷம் கழித்துத்தான் 'ஔவையார்'. நடுவில் 1951-இல் சென்னை மேலவை உறுப்பினரும் ஆனார். பின்னாளில் 'பூம்புகார்', 'திருவிளையாடல்', 'துணைவன்' என்று பெயர் சொல்லும் படங்கள் வந்தன. 'துணைவன்' படப் பாட்டுக்கு இந்திய அரசின் தேசிய விருது கிடைத்தது. 1970-இல் பத்மஸ்ரீ. 1980-இல் காலமானார். முழுக் கணக்கில் படங்கள் ஒரு டஜனைச் சுற்றித்தான் இருக்கும்.

பாட்டிக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. அவர் சொன்னது வேறு.

"எங்கப்பா செத்தப்ப எனக்கு ஏழு வயசு. எங்கம்மா வெள்ளைச் சேலையோடதான் பால் வெட்டப் போவாங்க. கல்யாணம் காட்சின்னா முன்னால வரமாட்டாங்க, சமையக்கட்டுலயே நின்னுக்குவாங்க. யாரும் வராதேன்னு சொல்றதில்ல, வான்னும் கூப்பிடறதில்ல. அன்னிக்கு வெள்ளைச் சேலையில ஒரு பொம்பளை வந்து நிக்குது, ராஜாவே எழுந்து கும்பிடறான். எங்கம்மா என் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாங்க."

திரையில் நின்றவரும் உண்மையிலேயே கணவனை இழந்தவர் என்பது அந்தத் தாய்க்குத் தெரியுமா என்று கேட்டோம்.

"தெரியாமலா? லயத்துல எல்லாருக்கும் தெரியும். அதைச் சொல்லித்தானே பக்கத்து வீட்டு அக்கா எங்கம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போனாங்க."

அந்தத் திடல் இருந்த இடத்தில் இப்போது வீடமைப்புப் பகுதி. பாட்டி கையைக் காட்டினார்: "திரை அந்தப் பக்கம் கட்டியிருந்தாங்க. கடைசியில தூறல் விழுந்துச்சு. எல்லாரும் பாயைச் சுருட்டிக்கிட்டு ஓடினாங்க. எங்கம்மா மட்டும் எழுந்திருக்கவே இல்ல."