ஆகஸ்டில் அடைகாக்கும் வல்லூறு

ஐரோப்பாவின் பெரும்பாலான பறவைகள் வசந்த காலத்திலேயே முட்டையிட்டுவிடும். ஜூலை முடிவதற்குள் அவற்றின் குஞ்சுகள் பறக்கக் கற்றுக்கொள்ளும். ஆனால், மத்தியதரைக் கடல் தீவுகளில் வாழும் ஒரு வல்லூறு அப்போதுதான் முட்டையிடவே தொடங்குகிறது. காலம் தவறிய பறவை என்று நினைத்துவிடாதீர்கள், மாணவர்களே. அதன் கணக்கு மிகச் சரியானது.

அதன் பெயர் எலியனோரா வல்லூறு. இத்தாலியின் சார்டினியா தீவுக்குத் தென்மேற்கில் சான் பியெத்ரோ என்னும் சிறு தீவு உள்ளது. அதன் செங்குத்தான கடற்பாறைகளில் இவ்வல்லூறுகள் கூட்டமாக இனப்பெருக்கம் செய்கின்றன. உடல் ஏறக்குறைய காகத்தின் அளவு. சிறகுகளை விரித்தால் கிட்டத்தட்ட 1 மீட்டர். சில பறவைகள் முழுவதும் கரும்பழுப்பாக இருக்கும். மற்றவற்றுக்கு வெளிர் கன்னமும் செம்பழுப்பு வயிறும் இருக்கும். இரண்டும் ஒரே இனம்தான்.

ஆண்டின் பெரும்பகுதி இது பூச்சிகளைத் தின்றே வாழ்கிறது. குஞ்சு பொரித்ததும் உணவு மாறுகிறது. ஆகஸ்டு இறுதி முதல் அக்டோபர் வரை, கோடிக்கணக்கான சிறு பறவைகள் குளிருக்கு அஞ்சி ஐரோப்பாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்கு வலசை போகின்றன. வழியில் கடலைக் கடந்தாக வேண்டும். அங்கே மறைந்துகொள்ள ஒரு மரக்கிளைகூட இல்லை. வல்லூறுகள் காற்றை எதிர்த்தபடி, கடலுக்கு மேலே வரிசையாக மிதந்து காத்திருக்கும். ஒன்றிடம் தப்பிய பறவை அடுத்ததிடம் சிக்கும். குஞ்சுகளுக்கு அதிக உணவு தேவைப்படும் நாள்களும் வலசை உச்சத்தில் இருக்கும் நாள்களும் இப்படி ஒன்றாகப் பொருந்துகின்றன.

குஞ்சுகள் வளர்ந்ததும் வல்லூறுகளும் புறப்படுகின்றன. அவை சேருமிடம் மடகாஸ்கர். செங்கடல் ஓரமாகத்தான் அவை செல்லும் என்று நீண்ட காலம் கருதப்பட்டது. இந்த நூற்றாண்டில், சான் பியெத்ரோ வல்லூறுகள் சிலவற்றின் முதுகில் சிறு கருவியைப் பொருத்தி, செயற்கைக்கோள் வழியாகப் பின்தொடர்ந்தனர். அவை சஹாரா பாலைவனத்தையும் நிலநடுக்கோட்டுக் காடுகளையும் கடந்து, ஆப்பிரிக்காவின் ஊடாகவே பறந்தன!

பெயருக்கும் ஒரு வரலாறு உண்டு. 14ஆம் நூற்றாண்டில் சார்டினியாவின் ஒரு பகுதியை ஆண்டவர் எலியனோரா. வல்லூறுகளைக் கூட்டிலிருந்து எடுப்பதை அவர் காலத்துச் சட்டம் தடைசெய்தது. 1839இல் இப்பறவைக்கு அறிவியல் பெயரிட்ட விலங்கியலாளர் ஜெனே, அந்த அரசியின் பெயரையே சூட்டினார்.

இன்று இப்பறவைக்கு வரும் தொல்லைகளில் ஒன்று, அதைக் காண விரும்பும் மனிதர்களாலேயே வரலாம். சுற்றுலாப் படகுகள் அதிகம் ஓடும் கோடைக்காலமே அது அடைகாக்கும் காலமும் ஆகும். வெறும் பாறையில்தான் முட்டைகள் கிடக்கும். படகு மிக அருகில் வந்தால் தாய்ப்பறவை எழுந்து பறந்துவிடும். முட்டையும் குஞ்சும் ஆகஸ்டு வெயிலில் வாடும். மீண்டும் முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பதற்குள் வலசை முடிந்துவிடும். ஊட்ட இரை இருக்காது.

எனவே, நல்ல பறவை ஆர்வலர் தொலைவில் நின்று தொலைநோக்கியில் பார்ப்பார். பறவை நம்மைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கினால், நாம் மிக நெருங்கிவிட்டோம் என்று பொருள். எந்தத் தீவானாலும், எந்தப் பறவையானாலும் இதை நினைவில் வையுங்கள்.