கிளாஸ் லீடர் தேர்தல்: தோற்றவரும் கையெழுத்திடட்டும்

பள்ளி திறந்ததும் கிளாஸ் லீடர் யார் என்று பல வகுப்புகளில் ஆசிரியரே சொல்லிவிடுவார். இல்லாவிட்டால் கைதூக்கச் சொல்லி எண்ணுவார். வேலை முடிந்துவிடும், ஆனால் தேர்தல் என்றால் என்னவென்று பிள்ளைகளுக்குப் புரியாது. ஜெயித்தவர் முடிவை ஏற்பதில் அதிசயம் இல்லை. தோற்றவரும் 'சரிதான்' என்று ஏற்க வேண்டும். நம் தேர்தல் விதிகளில் பலவும் அதற்காக வந்தவையே. அவற்றை ஒரே நாளில் வகுப்பறையில் நடத்திக் காட்டலாம்.

பட்டியலும் சின்னமும்

வருகைப் பதிவேடுதான் வாக்காளர் பட்டியல். போட்டியிட விரும்புபவரை இன்னொருவர் முன்மொழிய வேண்டும். பென்சில், பந்து, குடை என்று சின்னம் ஒதுக்குங்கள். 1951-52இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் பெரும்பாலான வாக்காளர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் சின்னம் ஒட்டிய தனிப்பெட்டி வைத்தார்கள்.

மறைப்பும் மையும்

கைதூக்கும்போது பிள்ளைகள் பக்கத்து பெஞ்சைப் பார்த்துவிட்டுத்தான் தூக்குவார்கள். மேசைமேல் ஓர் அட்டைத் தடுப்பு வைத்தால் யார் பார்க்கிறார்களோ என்ற பயம் போய்விடும். ஓட்டுச்சீட்டில் ஓட்டுப் போடுபவர் தன் பெயரை எழுதக்கூடாது. ஒருவர் இரண்டு முறை போடாமலிருக்க, பதிவேட்டில் பெயருக்கு நேரே டிக், இடது ஆள்காட்டி விரலில் ஸ்கெட்ச் பேனா புள்ளி.

காலிப் பெட்டியைக் காட்டுங்கள்

நிஜத் தேர்தலில் வாக்குப்பதிவு நாளன்று காலையில், வாக்காளர்கள் வருவதற்கு முன்பே வாக்குச்சாவடியில் மாதிரி வாக்குப்பதிவு நடக்கும். வேட்பாளர்களின் முகவர்கள் (ஏஜென்டுகள்) முன்னிலையில் குறைந்தது 50 ஓட்டுகள் போட்டு, இயந்திரக் கணக்கும், ஓட்டு யாருக்கு விழுந்தது என்று காட்டும் விவிபாட் காகிதச் சீட்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு இயந்திரத்திலுள்ள அந்த ஓட்டுகளை அழித்துவிட்டு முத்திரை வைப்பார்கள். வகுப்பில் பெட்டியைக் கவிழ்த்துக் காட்டி, ஒவ்வொரு வேட்பாளரின் ஏஜென்டும் பார்த்த பிறகு டேப் ஒட்டினால் போதும்.

எண்ணும் நேரம்

நிஜத் தேர்தலில் வாக்குப்பதிவு முடிந்ததும், பதிவான மொத்த ஓட்டுகளின் கணக்கைப் படிவம் 17சி-யில் எழுதி முகவர்களுக்கு நகல் தருவார்கள். எண்ணும் நாளில் அந்தக் கணக்கோடு ஒப்பிடுவார்கள். உங்கள் வகுப்பிலும் டிக் எத்தனை என்பதை முதலில் கரும்பலகையில் எழுதுங்கள். டிக் 40, சீட்டு 41 என்றால் என்ன செய்வது? பதிலைப் பிள்ளைகளே விவாதிக்கட்டும். ஒவ்வொரு சீட்டையும் எல்லோரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டி எண்ணுங்கள்.

ஒருவர் 16, மற்றவர் 13, இன்னொருவர் 11 வாங்கினால், 24 பேர் தேர்ந்தெடுக்காதவர்தான் தலைவர். இது நியாயமா? நம் சட்டமன்ற, மக்களவைத் தேர்தல் முறை இதுவே. சமநிலை வந்தால் குலுக்கல். அதுவும் சட்டத்தில் உள்ளதே. 'என் ஒரு ஓட்டால் என்ன ஆகும்' என்று கேட்கும் பிள்ளைக்கு நாத்துவாராவைச் சொல்லுங்கள்: 2008 ராஜஸ்தான் சட்டமன்றத் தேர்தலில் அந்தத் தொகுதியில் போட்டியிட்ட சி.பி. ஜோஷி தோற்றது ஒரே ஓட்டில்.

முடிவு எழுதிய தாளில், தோற்றவர் உட்பட எல்லா வேட்பாளர்களும் அவர்களின் ஏஜென்டுகளும் கையெழுத்திடட்டும்.

ஆசிரியருக்கான பாடம்

வகுப்பிலேயே அதிகம் சேட்டை செய்பவன் ஜெயித்துவிடலாம். அப்போது ஆசிரியர் முடிவை மாற்றினால், அன்று சொல்லிக்கொடுத்த அத்தனையும் வீண். அதற்குப் பதில் பதவிக்காலத்தை முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள்: அரையாண்டுத் தேர்வு வரைதான், பிறகு மறுபடியும் தேர்தல். சரியாக நடக்காத தலைவரை மாற்றுவதும் வகுப்பின் வேலையே.