கூடைப்பந்தின் முதற்பருவம்

சடுகுடுவை முதன்முதல் ஆடியவர் யார் என்று கேட்டால் விடை சொல்வார் இல்லை. கிட்டிப்புள்ளுக்கும் ஏழாங்கல்லுக்கும் அவ்வாறே. அவை ஊரோடு பிறந்து ஊரோடு வளர்ந்தவை. கூடைப்பந்தோ அத்தகையது அன்று. அது பிறந்த நாள், பிறந்த கூடம், உருவாக்கிய ஆசிரியர், முதலில் ஆடிய வகுப்பு ஆகிய யாவும் தெளிவாகத் தெரிகின்றன. பிறந்த இடம் ஒரு பயிற்சிக் கல்லூரி. பிறப்பித்தது அடங்காத ஒரு வகுப்பு. ஆசிரியராகிய நாம் இவ்வாட்டத்தின் வரலாற்றை அறிய இக்காரணங்களே போதும்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் கிறித்துவ இளைஞர் சங்கத்தார் நடத்திய கல்லூரி அது. உடற்கல்வி ஆசிரியர்களும் சங்கச் செயலாளர்களும் அங்கே பயிற்சி பெற்றனர். ஆட்டக்காரர் ‘பருவம்’ என்று சொல்லும் சொல் அந்நாட்டில் மெய்யாகவே இயற்கையின் பருவத்தைக் குறித்தது. இலையுதிர் காலத்தில் அமெரிக்கக் கால்பந்து; இளவேனிலில் பேஸ்பால்; இடையே பனி. செலண்டாரில் மழை விட்டால் ஆண்டு முழுதும் திடலில் இறங்கும் நமக்கு இவ்விடைவெளியின் தொல்லை எளிதில் விளங்காது. பனிக்காலம் முழுதும் மாணவர் கூடத்துக்குள் அடைபட்டு அணிநடையும் கருவிப் பயிற்சியுமே செய்ய வேண்டியிருந்தது. செயலாளர் வகுப்பில் இருந்த பதினெண்மரும் வளர்ந்த ஆடவர். அவர்கள் இதனை வெறுத்தனர். இரண்டு ஆசிரியர்கள் ஒருவர்பின் ஒருவராக அவ்வகுப்பைக் கைவிட்டனர்.

மூன்றாவதாக அனுப்பப்பட்டவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். கனடா நாட்டினர், ஒன்பது வயதிலே தாய் தந்தையரை இழந்தவர், அப்போது வயது முப்பது. துறைத்தலைவர் லூதர் குலிக் அவருக்குக் கொடுத்த தவணை இரண்டு வாரம். வெளித்திடல் ஆட்டங்களைத் திருத்திக் கூடத்துக்குள் ஆடுவித்துப் பார்த்தார் நெய்ஸ்மித். முரட்டு ஆட்டமாகி அடிபட்டதுதான் மிச்சம். தவணை முடியும் தறுவாயில் அவர் மாணவரைக் குறைகூறுவதை விடுத்து, ஆட்டங்களின் அமைப்பையே ஆராயத் தொடங்கினார். இவ்வாராய்ச்சி பயிற்சி ஆசிரியர்க்கு ஒரு நல்ல பாடக்குறிப்பு எனலாம்.

கால்பந்தில் முரட்டுத்தனம் எதனால் வருகிறது? பந்தை எடுத்துக்கொண்டு ஒருவன் ஓடுகிறான். அவனைத் தடுக்க மற்றவன் மேலே விழ வேண்டியிருக்கிறது. ஓட்டத்தை விலக்கினால் மோதலும் விலகும். ஆகவே பந்தைப் பிடித்தவன் நின்ற இடத்திலிருந்தே எறிதல் வேண்டும். சிறு பந்தானால் மட்டை தேவைப்படும். பெரிய பந்தானால் கையே போதும். இனி இலக்கு. அது தரைமட்டத்தில் நிமிர்ந்து நின்றால் வலுவாக எறிபவனே வெல்வான். அதையே தலைக்கு மேலே உயர்த்தி வாய் மேல்நோக்கியிருக்க வைத்தால், வலிமை பயன்படாது. பந்தை வளைவாக, மென்மையாக விடும் திறமையே பயன்படும். இளமையில் அவர் ஆடிய ‘பாறைமேல் வாத்து’ என்னும் கல்லெறி ஆட்டம் இதற்கு வழிகாட்டியது. பாறைமேல் வைத்த கல்லை எறிந்து தள்ளிவிட்டு, காவலாளி தொடுமுன் தன் கல்லை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். நம் ஏழாங்கல்லுக்கு ஒன்றுவிட்ட தம்பி!

கல்லூரிக் காவலர் ஸ்டெபின்சிடம் இரண்டு பெட்டி கேட்டார்; கிடைத்தவை பீச் பழக்கூடைகள். கூடத்தின் மேல்மாடக் கைப்பிடியில் அவற்றை ஆணியடித்தார். அக்கைப்பிடி பத்தடி உயரத்தில் இருந்தது. உலகெங்கும் இன்றும் வளையம் பத்தடியில் நிற்பதற்கு வேறு காரணம் இல்லை. பதின்மூன்று விதிகள் எழுதி ஒட்டப்பட்டன. 1891 திசம்பர் 21இல் முதல் ஆட்டம். வகுப்பில் பதினெண்மர் இருந்தமையால் பக்கத்துக்கு ஒன்பது பேர். அவர்களுள் இஷிகாவா என்னும் சப்பானிய மாணவரும் ஒருவர். அன்று விழுந்தது ஒரே ஒரு கூடை. கூடைக்கு அடி இருந்ததால் பந்தை ஏணி வைத்து எடுத்தார்கள்.

வகுப்பின் குறும்பர்க்குத் தலைவர் ஃபிராங்க் மஹன். ஒட்டியிருந்த விதித்தாளை நினைவுப்பொருளாகக் கிளப்பிக்கொண்டு போனவரும் அவரே. பின்னர் அதனைத் திருப்பித் தந்து, ஆட்டத்துக்குப் பெயர் வைக்கச் சொல்லி வற்புறுத்தியவரும் அவரே. ‘நெய்ஸ்மித் பந்து’ என்றார். ஆசிரியர் சிரித்து மறுத்தார். பிறகுதான் ‘கூடைப்பந்து’ என்றார். அடங்காதவனே பெயர் சூட்டினான் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

1892 மார்ச் 11இல் மாணவரும் ஆசிரியரும் ஏறத்தாழ இருநூறு பேர் முன்னிலையில் ஆடினர். மாணவர் 5, ஆசிரியர் 1. அம்முதற்பருவம் அங்ஙனம் முடிந்தது. விடுமுறைக்குச் சென்ற மாணவரும், விதிகளை வெளியிட்ட கல்லூரி இதழும் அதற்குள் ஆட்டத்தைப் பல ஊர்களுக்குக் கொண்டு சேர்த்துவிட்டனர்.

நெய்ஸ்மித் பின்னர் கன்சாஸ் பல்கலைக்கழகம் சென்று 1898 முதல் ஒன்பது பருவங்கள் அணியை நடத்தினார். வெற்றி 55, தோல்வி 60. அப்பல்கலைக்கழக அணியின் பயிற்றுநருள் வெற்றியைவிடத் தோல்வி மிகுந்தவர் அவர் ஒருவரே! அவருக்கு ஆட்டம் உடலையும் குணத்தையும் வளர்க்கும் கருவி. வெற்றிப் பட்டியல் பெரிதன்று. 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கில் தம் ஆட்டம் இடம்பெற்றதைக் கண்டார், 1939இல் மறைந்தார்.

தமிழகத்துக்கும் இவ்வுறவு உண்டு. ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். நந்தனத்தில் இன்றும் அது கல்லூரியாக நடைபெறுகிறது. இன்னொரு கிளையும் உண்டு. இங்கிலாந்தில் பெண்களுக்கான ஓர் உடற்பயிற்சிக் கல்லூரியில் 1890களில் கூடைப்பந்து திருத்தப்பட்டு வலைப்பந்தாயிற்று. மலேசியத் தமிழ்ப்பள்ளிச் சிறுமியர் ஆடும் ஆட்டம் அதுவே. ஆக இரண்டும் பயிற்சிக் கல்லூரிகளின் குழந்தைகள்.

இதனை இவ்வளவு விரித்ததற்குக் காரணம் உண்டு. 150 பேருக்குக் குறைந்த பள்ளிகளைக் ‘குறைந்த மாணவர் பள்ளி’ என்று கல்வி அமைச்சு வகைப்படுத்துகிறது. ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த தோட்டங்களில் அத்தகைய பள்ளிகள் பல. “அணி சேர்க்க ஆள் இல்லை ஐயா” என்று இளம் ஆசிரியர்கள் சொல்கிறார்கள். ஆறாம் ஆண்டுத் தேர்வு 2021இல் நீக்கப்படும்வரை உடற்கல்விப் பாடவேளையைக் கணிதம் விழுங்கிய பள்ளிகளையும் கண்டிருக்கிறேன். தேர்வு போயிற்று, பாடவேளை எல்லா இடத்தும் திரும்பிவிட்டது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. நெய்ஸ்மித் விதிக்கு ஏற்ப ஆளைத் தேடவில்லை. இருந்த ஆளுக்கு ஏற்ப விதி செய்தார். பக்கத்துக்கு ஐவர் என்பது 1897இல் வந்த வரையறை. வகுப்பில் பதினான்கு பேர் என்றால் ஆணும் பெண்ணும் கலந்து எழுவராக ஆடலாம்; எட்டுப் பேர் என்றால் நால்வராக.

சிறுவர்க்குப் பத்தடி உயரம் மிகை. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோர் ஆடும் சிறுவர் கூடைப்பந்தில் வளையம் 2.60 மீட்டர் உயரத்தில் இருக்கும். பந்து ஐந்தாம் எண். கம்பம் ஒன்று நட்டு அவ்வளவில் ஒரு வளையம் பொருத்தினால் தொடங்கிவிடலாம், ஏணி தேவைப்படாது.