இல்லாத வழக்குகளின் வக்கீல்

செயற்கை நுண்ணறிவை நம்பி நியூயார்க் வழக்கறிஞர் ஒருவர் பட்ட பாடு இந்திய நீதிமன்றங்களுக்கும் ஒரு பாடம்.

தான் மேற்கோள் காட்டப்போகும் தீர்ப்பு நிஜமானதுதானா என்று சந்தேகம் வந்தால் வக்கீல் என்ன செய்வார்? சட்டத் தொகுப்பைப் புரட்டுவார். அல்லது ஜூனியரை நூலகத்துக்கு அனுப்புவார். 30 ஆண்டு அனுபவமுள்ள நியூயார்க் வழக்கறிஞர் ஒருவர், அந்தத் தீர்ப்பைத் தந்த சாட்ஜிபிடியிடமே கேட்டார். நிஜ வழக்குதான் என்று அது அடித்துச் சொன்னது. அப்படியொரு வழக்கே கிடையாது.

விவகாரம் சாதாரணமானது. 2019 ஆகஸ்டில் எல் சால்வடாரிலிருந்து நியூயார்க் சென்ற அவியாங்கா விமானத்தில் உணவுத் தள்ளுவண்டி முழங்காலில் இடித்ததாகப் பயணி ஒருவர் நஷ்டஈடு கேட்டார். மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடர வேண்டும். கெடு தாண்டிவிட்டது என்றது விமான நிறுவனம். நிறுவனம் 2020இல் திவால் மனு செய்ததால் காலவரம்பு நின்றுபோனது என்பது பயணி தரப்பு வாதம். அதற்கு முன்தீர்ப்புகள் வேண்டும். மாநில நீதிமன்றங்களிலேயே பழகிய அந்த வழக்கறிஞர் சாட்ஜிபிடியை நாடினார்.

கேட்டதெல்லாம் கிடைத்தது. கட்சிக்காரர்களின் பெயர், நீதிமன்றம், ஆண்டு, தொகுதி எண், பக்க எண் எல்லாம் கச்சிதம். 2023 மார்ச் 1 அன்று மனு தாக்கலானது. குறிப்பிட்ட வழக்குகள் பலவற்றைக் காணோம் என்று எதிர்த்தரப்பு வக்கீல்கள் சொன்னார்கள். குறிப்பிட்ட தொகுதியைப் புரட்டினால் அந்தப் பக்கத்தில் இருந்தது சம்பந்தமில்லாத வேறு வழக்கு. நகல்களைக் கொடுங்கள் என்றது நீதிமன்றம். எந்திரம் எழுதித் தந்த 'தீர்ப்பு'களையே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஆறு வழக்குகள் கட்டுக்கதை.

2023 ஜூன் 22 அன்று நீதிபதி கெவின் காஸ்டெல், அந்த வழக்கறிஞர், மனுவில் கையெழுத்திட்ட சகா, அவர்களது அலுவலகம் ஆகியோருக்குச் சேர்த்து 5,000 டாலர் அபராதம் விதித்தார். எந்திரத்தைப் பயன்படுத்தியது குற்றமல்ல, சரிபார்க்காததும் சந்தேகம் எழுந்த பிறகும் மழுப்பியதும்தான் தவறு என்பது தீர்ப்பின் சாரம். அதே நாளில் பயணியின் வழக்கும் காலவரம்பு கடந்ததென்று தள்ளுபடியானது.

எந்திரம் பொய் சொல்ல வேண்டுமென்று சொல்லவில்லை. படித்துக் குவித்த எழுத்துகளிலிருந்து, அடுத்து எந்தச் சொல் பொருந்தி வரும் என்று கணித்து வாக்கியம் கட்டுவதே அதன் வேலை. வழக்குக் குறிப்புகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. அதனால் போலியும் அசலைப் போலவே இருக்கிறது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் கூச்சம் அதற்கு இல்லை.

இந்தியாவிலும் சோதனை நடக்கிறது. 2023 மார்ச்சில் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் ஒரு ஜாமீன் வழக்கில் சாட்ஜிபிடியிடம் பொதுவான கேள்வி ஒன்றைக் கேட்டது. ஆனால், அந்தப் பதில் வழக்கின் தகுதி குறித்த கருத்தல்ல என்று தெளிவுபடுத்தியது. அதே ஆண்டு ஆகஸ்டில், காலணி நிறுவனம் ஒன்று தன் புகழுக்குச் சான்றாக சாட்ஜிபிடியின் பதிலைக் காட்டியபோது, தீர்ப்புக்கு அது அடிப்படையாக முடியாது என்றது டெல்லி உயர் நீதிமன்றம். 2025 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் ஒரு படி மேலே போனது. மாவட்ட நீதிமன்றங்கள் தீர்ப்பு முடிவுகளுக்கு இக்கருவிகளைப் பயன்படுத்தக் கூடாது என்று விதியே வகுத்தது.

அதற்காக எந்திரத்தை வாசலிலேயே நிறுத்திவிடவும் முடியாது. தீர்ப்புகளை இந்திய மொழிகளில் பெயர்க்க உச்ச நீதிமன்றமே 2019இல் 'சுவாஸ்' என்ற மென்பொருளை அறிமுகப்படுத்தியது. ஆங்கிலம் அறியாத கட்சிக்காரருக்குத் தன் வழக்கின் முடிவு தன் மொழியில் கிடைப்பது சின்ன விஷயமல்ல. ஆனால், பெயர்த்ததையும் மனிதக் கண் பார்த்தாக வேண்டும்.

குறிப்பெடுக்கலாம், சுருக்கலாம், வரைவு எழுதலாம். சாட்சியின் தடுமாற்றத்தைப் பார்த்துக் குறுக்கு விசாரணையின் திசையை மாற்றுவது வக்கீலின் வேலை. வக்காலத்தில் இருப்பதும் அவர் கையெழுத்துதான். நியூயார்க் வழக்கில் அபராதத்தை எந்திரம் கட்டவில்லை.