மண்ணும் நெருப்பும் வளர்த்த குடும்பத் தொழில்

தைப் பொங்கல் நெருங்குங்கால் லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேனில் மண்பானைகள் அடுக்கி வைக்கப்பட்டிருப்பதை நாம் காண்கிறோம். பானையை விலைக்கு வாங்கும் நாம், அதனை வனைந்த கைகளை எண்ணிப் பார்ப்பதில்லை. தமிழகத்தில் வேளார் எனப்படும் குயவர், தந்தையிடமிருந்து மகன் கற்கும் முறையில் இக்கலையைக் காத்து வந்தனர். சிங்கப்பூரிலும் அத்தகைய குடும்பத் தொழில் ஒன்று உண்டு என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

ஜூரோங் வட்டாரத்தில், லோரோங் தாவாஸ் என்னுமிடத்தில், 1940ஆம் ஆண்டு கட்டப்பட்ட தௌ குவாங் சூளை உள்ளது. தியோச்சு சீனக் குடும்பம் ஒன்று 1965இல் இதனை வாங்கியது. அதன் மூன்றாம் தலைமுறையினரும் இத்தொழிலில் ஈடுபட்டுள்ளனர்.

சரிவான நிலத்தில் நீண்டு படுத்திருப்பதால் இதனை ‘டிராகன் சூளை’ என்பர். காய்ந்த பாண்டங்களை உள்ளே அடுக்கி, வாயிலைச் செங்கல்லால் அடைப்பர். தாழ்ந்த முனையில் விறகெரிப்பர். வெப்பக் காற்று மேலெழும் இயல்புடையது. ஆதலால் தீ சரிவின் வழியே ஏறிப் பாண்டங்களைத் தழுவிச் செல்லும். பக்கத் துளைகள் வழியாகவும் விறகு இடுவர். வெப்பம் 1,200 பாகை செல்சியசுக்கு மேல் உயரும்போது, விறகின் சாம்பல் பாண்டங்களின்மேல் படிந்து உருகிக் கண்ணாடி போன்ற மெருகாகிவிடும். தீயின் நிறத்தைக் கண்டே வெப்பத்தை மதிப்பிடுதல் பழைய முறை. இதனை ஏட்டில் கற்றல் அரிது. மூத்தவருடன் சூளையருகே நின்றே கற்க வேண்டும்.

தோட்டத் தொழிலாளருக்கும் இச்சூளைக்கும் உறவு உண்டு. ரப்பர் மரங்களில் பால் ஏந்தும் மண்கோப்பைகள் முற்காலத்தில் இங்குச் செய்யப்பட்டன. விடியலில் மரம் சீவிய நம் முன்னோரின் உழைப்பும், மண் பிசைந்த சீனத் தொழிலாளரின் உழைப்பும் அச்சிறு கோப்பையில் ஒன்று கூடின.

பின்னர்க் கோப்பைகளின் தேவை குறைந்தது. சூளையினர் ஆர்க்கிட் பூந்தொட்டிகள் செய்தனர். இன்று சிங்கப்பூரில் எஞ்சியுள்ள டிராகன் சூளைகள் இரண்டே. மற்றொன்று 1958இல் கட்டப்பட்ட குவான் ஹுவாட் சூளையாகும்.

மாணவச் செல்வங்களே! கற்பார் இல்லையேல் எக்கலையும் ஒரு தலைமுறையிலேயே மறைந்துவிடும். நம் இல்லத்து மூத்தோர் அறிந்த கைத்தொழில் யாது? இன்றே கேட்போம், அவர்தம் அருகிலமர்ந்து நம் கைகளாலும் செய்து பழகுவோம்.