சித்தாள் முதல் மேஸ்திரி வரை: கட்டுமான வேலை பழகும் வழிகள்

தமிழ்நாட்டில் கட்டுமான வேலை பழகுவதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, வேலைத்தளத்தில் கையாளாகச் சேர்ந்து மூத்தவரின் கையைப் பார்த்துப் பழகுவது. மற்றொன்று, தொழிற்பயிற்சி நிலையத்தில் (ஐ.டி.ஐ.) படித்து, பழகுநர் பயிற்சி (அப்ரண்டிஸ்) முடித்துச் சான்றிதழுடன் வருவது. கொத்தனார்களில் மிகப் பெரும்பாலோர் முதல் வழியில் வந்தவர்கள். இவ்விரு வழிகளும் சில இடங்களில் மட்டுமே ஒன்றோடொன்று சேர்கின்றன. கட்டுமானத் தொழிலாளி ஒருவர் எதுவரை உயர முடியும் என்பதைப் பெரும்பாலும் இதுவே முடிவு செய்கிறது.

தளத்தில் பழகுதல்

வேலைக்குப் புதிதாக வருபவர் சித்தாள் அல்லது கையாள் எனப்படுவார். மணல் சலித்தல், செங்கல்லை நனைத்துக் கொடுத்தல், கலவை போடுதல், சாந்துச் சட்டி சுமத்தல் ஆகியவை அவருடைய வேலை. இவை வெறும் சுமை வேலைகள் போலத் தோன்றினாலும் தொழிலின் பாதி இவற்றில்தான் இருக்கிறது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவருக்குப் பொதுவாக ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல். கூரையின் அடிப்பூச்சுக்கு நான்கு பங்கு. தண்ணீர் ஊற்றிய கலவை இறுகத் தொடங்கும் முன் தீர்ந்துவிட வேண்டும். நனையாத செங்கல் கலவையின் ஈரத்தை உறிஞ்சிச் சுவரைப் பலவீனமாக்கும். இவை எதையும் யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. தவறு செய்யும்போது விழும் திட்டுதான் பாடம்.

அடுத்த படி கரணையைக் கையில் வாங்குவது. சுவரின் இரு மூலைகளையும் மூத்த கொத்தனார் தூக்குக்குண்டு பிடித்து எழுப்புவார். இடையில் நூல் கட்டியபின், அந்த நூலை ஒட்டிக் கல் வைக்கும் வேலை பழகுபவருக்குக் கொடுக்கப்படும். நூல் இருப்பதால் பிழை பெரிதாக நேராது. கீழ்வரியின் இணைப்புக்கு நேர்மேலே மேல்வரியின் இணைப்பு வராமல் பார்த்துக்கொண்டால் போதும். சுற்றுச்சுவர், கழிவுநீர்த் தொட்டி போன்ற, கண்ணில் அதிகம் படாத வேலைகளில்தான் இந்தப் பழக்கம் தொடங்கும். பின்னர் பூச்சுவேலை, அதன்பின் மூலை எழுப்புதல், கடைசியாக மனையில் நூல் பிடித்து அளவு குறித்தல். மூன்றடி, நான்கடி, ஐந்தடி என்று நூலில் அளந்து மூலைமட்டம் பார்க்கும் கொத்தனார், பள்ளியில் பித்தாகரசு தேற்றமாகச் சொல்லித் தரப்படும் கணக்கையே கையால் செய்கிறார்.

இந்தப் பயிற்சிக்குப் பாடத்திட்டம் இல்லை. முடியும் நாளும் இல்லை. ஒருவர் கொத்தனார் ஆகிவிட்டார் என்பதை மேஸ்திரி அவருக்குக் கொடுக்கும் கூலிதான் அறிவிக்கிறது. வேறொரு ஊருக்குப் போனால் அங்கே மறுபடியும் சுவர் கட்டிக் காட்ட வேண்டியிருக்கும்.

கரணை கிடைக்காதவர்கள்

கரணையை யாரிடம் கொடுப்பது என்பது மூத்தவரின் விருப்பம் என்பதால், இந்த ஏணியில் ஏற முடியாமல் முதல் படியிலேயே நின்றுவிடுபவர்கள் பெண்கள். ஒரே நாளில் ஒரே தளத்தில் சேரும் இளைஞர் சில ஆண்டுகளில் கொத்தனார் ஆகிவிடுவார். அவரோடு சேர்ந்த பெண் இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் சித்தாளாகவே இருப்பார். எத்தனை சட்டி மணலுக்கு எத்தனை சட்டி சிமெண்ட் என்பதை அந்தக் கொத்தனாரைவிட அவர் நன்றாக அறிந்திருக்கக்கூடும்.

சாரத்தில் ஏற முடியாது, வலு போதாது என்று சொல்லப்படும் காரணங்கள் பொருந்தவில்லை. தலையில் சட்டியுடன் மாடிக்கு ஏறுபவர்களே அவர்கள்தாம். கரணையோ சட்டியைவிட இலேசானது. உண்மையான தடை வேறு. இளைஞர்கள் வேலை பழகுவது பெரும்பாலும் உணவு இடைவேளையிலும் மாலையில் வேலை முடிந்த பின்னும்தான். அந்த நேரத்தில் பெண்களுக்கு வீட்டு வேலை காத்திருக்கிறது. கணவன் கொத்தனார், மனைவி சித்தாள் என்று இணையாக வேலைக்கு எடுக்கும் வழக்கமும் உண்டு. அங்கே மனைவி கரணை பிடித்தால் சட்டி தூக்க ஆள் தேட வேண்டும்.

தடையை நீக்கினால் என்ன நடக்கும் என்பதற்குச் சார்க்கண்டு மாநிலம் எடுத்துக்காட்டு. தூய்மை இந்தியா திட்டத்தில் கழிப்பறை கட்டக் கொத்தனார்கள் போதாமல் போனபோது, அங்கே கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. ‘ராணி மிஸ்திரி’ என்று அழைக்கப்பட்ட அவர்கள் ஏராளமான கழிப்பறைகளைக் கட்டினர். கேரளத்தில் குடும்பஸ்ரீ அமைப்பும் பெண்களைக் கொண்ட கட்டுமானக் குழுக்களை உருவாக்கியுள்ளது.

ஐ.டி.ஐ.யும் பழகுநர் பயிற்சியும்

ஐ.டி.ஐ.க்களில் கொத்து வேலை, குழாய் பொருத்துதல், பற்றவைப்பு ஆகியவை ஓராண்டுப் படிப்புகள். எலக்ட்ரீசியன், வயர்மேன், சிவில் டிராப்ட்ஸ்மேன் ஆகியவை ஈராண்டுப் படிப்புகள். கொத்து வேலைப் பிரிவில் சேர 8ஆம் வகுப்புத் தேர்ச்சி போதுமானது. ஆனாலும் மாணவர்கள் அதிகம் நாடுவது எலக்ட்ரீசியன், பிட்டர் பிரிவுகளையே. கொத்து வேலையைத் தளத்திலேயே கூலியுடன் பழகலாம் என்னும்போது, அதற்காக ஓராண்டு வகுப்பில் அமர யாரும் தயங்குவது இயல்பே.

படிப்புக்குப் பின் வருவது பழகுநர் பயிற்சி. 1961ஆம் ஆண்டின் பழகுநர்கள் சட்டப்படி நிறுவனம் ஒன்று பழகுநரை எழுத்து ஒப்பந்தத்துடன் சேர்த்து, உதவித்தொகை தந்து பழக்க வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் மாத உதவித்தொகையின் கீழ்வரம்பைக் கல்வித் தகுதிக்கேற்ப 5,000 முதல் 9,000 ரூபாய் வரை நிர்ணயித்தது. 30 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்கள் உள்ள நிறுவனங்கள் பழகுநர்களைச் சேர்த்தே ஆக வேண்டும். வீடு கட்டும் வேலையில் பெரும்பகுதி பத்துப் பதினைந்து ஆட்களை வைத்திருக்கும் மேஸ்திரிகளிடம் நடப்பதால், இந்தக் கட்டாயம் அவர்களைத் தொடுவதில்லை. பெரிய கட்டுமான நிறுவனங்களிலேயே இது நடைமுறையில் இருக்கிறது.

10ஆம் வகுப்புக்குப் பின் ஈராண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பட்டயம் பெற்றபின் பொறியியல் படிப்பிலும் அவ்வாறே சேரலாம். தளத்தில் மட்டுமே பழகியவருக்கு இந்தக் கதவு திறப்பதில்லை.

உரிமம் உள்ள மின்வேலை

இரண்டு வழிகளும் ஒழுங்காகச் சேரும் இடம் மின்வேலை. தமிழ்நாட்டில் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு அரசால் நடத்தப்படுகிறது. 21 வயது நிறைந்து, மின் ஒயரிங்கில் 5 ஆண்டுகளுக்குக் குறையாத செய்முறை அனுபவம் உள்ளவர் ஐ.டி.ஐ. படிக்காமலேயே இதை எழுதலாம். தேர்ச்சி பெற்றவரின் அனுபவம் அன்றுமுதல் மேஸ்திரியின் வாய்ச்சொல்லை நம்பியிருக்க வேண்டியதில்லை. கொத்து வேலைக்கு இத்தகைய உரிமம் கிடையாது. தளத்தில் பெற்ற திறனைச் சோதித்துச் சான்று தரும் ‘முன்கற்றல் அங்கீகாரம்’ திட்டம் கொத்தனார்களுக்கும் உண்டு. ஆயினும் உள்ளூர் வேலைகளில் அந்தச் சான்றிதழை யாரும் கேட்பதில்லை; அதனால் கூலியும் தானாக உயர்வதில்லை.

சான்றிதழ் கட்டாயமாவது வெளிநாடு செல்லும்போதுதான். சிங்கப்பூரில் கட்டுமான வேலைக்குப் போவோர், அந்நாட்டுக் கட்டிட, கட்டுமான ஆணையத்தின் திறன் தேர்வைத் தமிழ்நாட்டில் உள்ள மையங்களிலேயே எழுதுகின்றனர். பயிற்சிக் கட்டணமும் முகவர் கட்டணமும் சேர்ந்து பலரைக் கடனாளியாக்குகின்றன. அங்கே சென்றபின் முதலில் கிடைக்கும் ஊதியம் அந்தக் கடனுக்கே போகிறது.

மேஸ்திரி ஆவது

கொத்தனார் மேஸ்திரி ஆகும்போது அவருடைய வேலையே மாறுகிறது. சதுர அடிக் கணக்கில் விலை பேசுதல், ஆள் சேர்த்தல், முன்பணம் கொடுத்தல், வார இறுதியில் கூலி பட்டுவாடா செய்தல் ஆகியவை அவர் பொறுப்பு. வீட்டுக்காரர் பணம் தரத் தாமதித்தாலும் சனிக்கிழமைக் கூலியை அவர் கொடுத்தாக வேண்டும். கைத்திறனைவிடக் கையிருப்பும் ஆள்பலமும் இங்கே முக்கியம். நல்ல கொத்தனார்கள் பலர் இந்தப் படியில் ஏறாமல் நின்றுவிடுவது இதனால்தான்.

எந்தப் படியில் இருப்பவரும் 1994இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நலவாரியத்தில் பதிவு செய்துகொள்ளலாம். வயது வரம்பு 18 முதல் 60 வரை. விபத்து இழப்பீடு, பிள்ளைகளின் கல்வி உதவி, 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் ஆகியவை இதன்மூலம் கிடைக்கின்றன. பதிவைக் குறித்த காலத்தில் புதுப்பிக்காமல் விட்டால் உதவி கோருவதில் சிக்கல் வரும் என்பதால், அட்டையின் காலாவதி நாளைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.